மணியின் நாக்கில் சுற்றிய துணி

டங்... டங்... விடியலில் அரண்மனை வாசலில் ஒலித்த அந்த மணியோசை அமைச்சர் தில்லைநாயகத்தின் காதில் கடைசிவரை நின்றது.

வெகுகாலத்துக்கு முன்னே, வெள்ளைக்காரத் துரைமார் குதிரையேறி வந்துபோன நாளில், பனங்குறிச்சியை வீரசொக்கன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனசுதான், ஆனால் நினைத்தது நினைத்ததுதான். ஒருநாள் பட்டத்து யானை அவர் தலைப்பாகையைப் பிடுங்கித் தின்றுவிட்டது. யானையைத் தண்டிக்க மனம் வராமல், பாகன் வண்டிமலையானைச் சிறையில் போட்டார்.

பாகன் மனைவி உச்சினி தினமும் வந்து முறையீட்டு மணியை அடித்தாள். "யார் அது?" என்று ராஜா கேட்டால்தான் கதவு திறக்கும், அதுவரை அவளுக்காக வேறு யாரும் பேசக்கூடாது. அந்த அரண்மனை வழக்கம் அப்படி. ராஜாவோ அந்த ஓசையில் கண்விழித்து, சோம்பல் முறித்து, பல் துலக்கப் போய்விடுவார்.

அப்போது அவருக்கு ஆங்கிலப் பித்து. "ஹியர் என்றாலும் கேட்பது, லிசன் என்றாலும் கேட்பது. ஒரே வேலைக்கு எதற்கய்யா இரண்டு வார்த்தை?" என்றார் சபையில்.

"துரைமாருக்கு எல்லாமே இரண்டிரண்டு, மகாராஜா. சாப்பிடக் கரண்டி ஒன்று, முள்கரண்டி ஒன்று. இரண்டும் ஒன்றேதான்" என்றார் வித்துவான் சபாரஞ்சிதர். அமைச்சர் ஆசனத்தின்மேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண்.

"ஹியரும் லிசனும் ஒன்றல்ல. நாளைக் காலை காட்டுகிறேன்" என்றார் தில்லைநாயகம்.

"காட்டாவிட்டால்?"

"என் ஆசனத்தில் நீர் உட்காரும். மெத்தை கொஞ்சம் குத்தும், பரவாயில்லையா?"

ராஜா சிரித்துச் சம்மதித்தார்.

மாலையில் அமைச்சர் உச்சினியைத் தேடிப் போனார். "தாயி, நாளைக்கு மணியின் நாக்கில் துணியைச் சுற்றிவிட்டு அடி."

"சத்தமே வராதே, சாமி."

"இத்தனை நாள் வந்ததே, என்ன ஆயிற்று?"

மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் ராஜா விழித்தார். என்னவோ குறைந்தது. தலைமாட்டைத் தடவினார். ஜன்னலைப் பார்த்தார். வாசலுக்கே வந்துவிட்டார். "தினமும் மணியடிக்குமே, எங்கே? யார் அது?"

கேட்டுவிட்டார். கதவு திறந்தது. காய்த்துப்போன கையில் கயிற்றைப் பிடித்தபடி உச்சினி நின்றாள்.

"மகாராஜா, இதுவரை தங்கள் காதில் விழுந்தது ஹியர். இன்று தாங்களே காதுகொடுத்தது லிசன்" என்றார் அமைச்சர்.

ராஜா அவள் கையையே பார்த்தார். "தினமும் நீயா அம்மா?"

"நான்தான் சாமி. எங்க வீட்டுக்காரரை விட்டுடுங்க."

அப்போதே பாகனை அழைத்துவரச் சொன்னார். தன் தலைப்பாகையைக் கழற்றி அவனுக்குக் கட்டினார். அமைச்சருக்கு விரலிலிருந்த மோதிரத்தைத் தந்தார். "சபாரஞ்சிதரே, இனி விடியலில் இந்த வாசலில் காத்திருந்து, வருகிறவர் குறையைக் கேட்டு வந்து என்னிடம் சொல்லும்."

"எப்படிக் கேட்பது, மகாராஜா?" என்றார் அவர், தலை குனிந்தபடி.

"வாசல்படியில் உட்கார்ந்து, காதுகொடுத்துக் கேளும்."

வண்டிமலையான் அந்த யானையின் கடைசி நாள்வரை அதற்குப் பாகனாக இருந்தான்.