தரையில் போட்ட கோடு

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது எங்கள் ஜெபக்கூட்டத்து அமலோற்பவம் அக்கா. என் கடைக்குட்டி மடியில் உட்கார்ந்து வருகிற வயசில், மாதா கோவில் திருவிழாவுக்குப் போன பஸ்ஸில் சொன்னார்கள். முன் சீட்டில் ஒருவர் பீடி பற்ற வைத்திருந்தார். அக்கா அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி இதைச் சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இருக்கிற வரைக்கும் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு காட்டில் ஒரு கரடி கஞ்சிக்கடை வைத்திருந்தது. கடை என்றால் மலையடிவாரத்துக் குகைதான். வாசல் ஒன்றே ஒன்று. உள்ளே போனால் நல்ல அகலம். யானை துதிக்கையைத் தூக்கினாலும் எட்டாத உயரத்தில் கூரை. தினையைக் குழைய வேகவைத்து, மேலே தேன் விட்டு, தேக்கிலைத் தொன்னையில் ஊற்றிக் கொடுக்கும். அந்தக் கஞ்சிக்காக அடுத்த மலையில் இருந்துகூட வருவார்கள்.

கரடிக்கு ஒரு குணம் உண்டு. யார் முகமும் கோணக்கூடாது. பன்றி இன்னொரு தொன்னை கேட்டாலும் சரி, மயில் ஆறிப்போய்விட்டது என்று திருப்பித் தந்தாலும் சரி, சிரித்துக்கொண்டே செய்யும். வருகிறவர்கள் கண் எரியக்கூடாது என்று அடுப்பைக்கூட வெளியே பாறை மறைவில்தான் வைத்திருந்தது.

அந்தக் காட்டில் ஒரு கடுவன் குரங்கு இருந்தது. மலைப்பாதை வளைவில் லாரிகள் நிற்கும். டிரைவர்கள் கீழே இறங்கிப் பீடி குடிப்பார்கள். இது மரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்து, அவர்கள் விட்டுப்போன பீடிக்கட்டை எடுத்துத் தானும் குடிக்கப் பழகிவிட்டது. குடிப்பதோடு விட்டதா? காலின்மேல் கால் போட்டுக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, புகையை மேலே பார்த்து ஊதும். இதைப் பார்த்து நாலைந்து குரங்குகளும் பழகிக்கொண்டன. ஊரில் பெட்டிக்கடைகளில் பற்ற வைக்கிறதற்கு நெருப்புக் கயிறு தொங்கவிடுவார்களே, அதுமாதிரி ஒன்று இங்கேயும் வேண்டும் என்று கடுவன் கேட்டது. கரடியும் தேங்காய் நாரைத் திரித்து, நுனியில் கங்கு வைத்து, குகைச் சுவரில் தொங்கவிட்டது.

வெயில் காலத்தில் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. எல்லாரும் வெளியே மர நிழலில் உட்கார்ந்துதான் குடித்தார்கள். மழை பிடித்துக்கொண்டதும் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். புகையும் உள்ளே வந்துவிட்டது.

குகைக் கூரையில் ஒரு பொந்து. அதில் ஒரு குருவி கூடு கட்டி, ஒரு குஞ்சு பொரித்திருந்தது. மழை தொடங்கிய பிறகு குஞ்சு சரியாக இரை எடுக்கவில்லை. வாயைத் திறந்தால் இரைக்குத் திறக்கிறதா, மூச்சுக்குத் திறக்கிறதா என்று தாய்க்கே தெரியவில்லை. ஒருநாள் குருவி கீழே இறங்கி வந்து கரடியிடம் கேட்டது.

"கரடியக்கா, அந்த நெருப்புக் கயிற்றை வெளியே கட்டிவிடுங்கள். அடுப்பை வெளியே வைத்தீர்களே, அதே மாதிரி."

கரடி கயிற்றையும் பார்த்தது, கடுவனையும் பார்த்தது. கடுவன் முகம் கோணுமே.

கடுவன் காதில் விழுந்துவிட்டது. "யார் அது, என் பீடியைப் பற்றிப் பேசுகிறது? நான் என் வாயில் வைத்துக் குடிக்கிறேன். உன் வாயிலா வைத்தேன்?" என்றது. கூட இருந்த குரங்குகள் சிரித்தன.

அன்றைக்குக் கஞ்சி குடிக்க வந்தவர்கள் எல்லாரும் இதைப் பற்றியே பேசினார்கள். மயில், தன் தோகையில் பீடி வாடை ஏறிவிட்டது, நாலு மழையில் நனைந்தும் போகவில்லை என்றது. பன்றி, புகை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, இன்னொரு தொன்னை கிடைக்குமா என்றது. குரங்குகளோ, பீடி கூடாது என்றால் நாங்கள் யாருமே இந்தப் பக்கம் வரமாட்டோம், கரடி தன் கஞ்சியைத் தானே குடிக்க வேண்டியதுதான் என்றன. கரடி எல்லார் பேச்சுக்கும் தலையை ஆட்டியது. அப்புறம் யானையிடம் போய், நீங்களே ஒரு வழி சொல்லுங்கள் அண்ணே என்று அழாக்குறையாக நின்றது.

யானை நியாயத்துக்குப் பேர் போனது. மெதுவாக யோசித்தது. பிறகு செம்மண்ணை நனைத்து, குகைத் தரையில் நடுவாக ஒரு நேர்க்கோடு போட்டது.

"இந்தப் பக்கம் பீடி குடிக்கிறவர்கள். அந்தப் பக்கம் குடிக்காதவர்கள். யாரும் யாரையும் தொந்தரவு செய்யக் கூடாது" என்றது.

எல்லாருக்கும் சந்தோஷம். கரடிக்கு இருந்த சந்தோஷத்தைக் கேட்கவே வேண்டாம். யார் முகமும் கோணவில்லை.

குருவி மட்டும் கேட்டது, "யானையண்ணே, நான் எந்தப் பக்கம்?"

அதை யாரும் யோசிக்கவில்லை. கடுவன்தான் பதில் சொன்னது. நீ கஞ்சி குடிக்கிறவளும் இல்லை, பீடி குடிக்கிறவளும் இல்லை, கடைக்கு வருகிறவர்கள் விஷயத்தில் உனக்கு என்ன பேச்சு, பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதானே என்றது.

"என் பிள்ளைக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. இந்த மழையில் எங்கே தூக்கிக்கொண்டு போவேன்?" என்றது குருவி. சொல்லிவிட்டு மேலே கூட்டுக்குப் பறந்து போய்விட்டது.

இப்போது கீரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடவுள் ஒவ்வொரு பிராணிக்கும் ஒரு வேலை கொடுத்தார். கீரிக்குக் கொடுத்த வேலை கேள்வி கேட்பது. கஞ்சி ஏன் கொதிக்கிறது, தேன் ஏன் ஒட்டுகிறது, மயிலுக்கு ஏன் அவ்வளவு அழகு, குரல் ஏன் இப்படி, எல்லாவற்றையும் கேட்கும். அன்றைக்கு அது செம்மண் கோட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மூக்கால் மோந்துகொண்டே போனது. சுவரில் முட்டியதும் திரும்பி வந்தது.

"கடுவன் அண்ணாச்சி, ஒரு சந்தேகம். நீங்கள் கோட்டைத் தாண்ட மாட்டீர்கள். உங்கள் புகை தாண்டாதா?"

"தாண்டாது."

"அதற்குக் கோடு தெரியுமா?"

பன்றிகூடக் கஞ்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தது. கடுவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. என் புகை என் பேச்சைக் கேட்கும், இதுவரைக்கும் அந்தப் பக்கம் போயிருந்தால் அது வாசலில் அடிக்கிற காற்றின் தப்பு, காற்றை நிறுத்துங்கள், பிறகு பாருங்கள் என்றது.

காற்றை எப்படி நிறுத்துவது? எல்லாரும் யானையைப் பார்த்தார்கள். யானை எழுந்துபோய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கொஞ்சம் இடுக்கு இருந்த இடத்தில் காதை விரித்து மூடியது. காற்று நின்றுவிட்டது.

"தம்பிகளா, எல்லாரும் பற்ற வையுங்கள்" என்றது கடுவன்.

குரங்குகள் வரிசையாகக் கயிற்றில் பற்ற வைத்துக்கொண்டு தங்கள் பக்கம் உட்கார்ந்து ஊதின. மற்றவர்கள் எல்லாரும் கோட்டுக்குப் பக்கத்தில் குனிந்து, கண் இமைக்காமல் பார்த்தார்கள். மயில் கழுத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தது. கரடி யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல், ஒரு காலை இந்தப் பக்கமும் ஒரு காலை அந்தப் பக்கமும் வைத்துக் கோட்டின் மேலேயே நின்றது.

ஒரு பீடி முடிந்தது. அடுத்த பீடி முடிந்தது. செம்மண் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஒரு இழை புகைகூட அதைத் தாண்டவில்லை.

"பார்த்தீர்களா?" என்றது கடுவன். எல்லாருக்கும் ஆச்சரியம். மயில் தன் தோகையை மோந்து பார்த்துக்கொண்டது, ஒருவேளை வாடை வேறு எங்கேயோ ஏறியிருக்குமோ என்று. யானை வாசலில் நின்றபடியே, கடுவன் சொன்னது நியாயம், கோடு இருக்கட்டும், கயிறும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது.

கீரி தலையைச் சாய்த்துக்கொண்டது.

"சரி அண்ணாச்சி, கோட்டைத் தாண்டவில்லை. ஒத்துக்கொள்கிறேன். இவ்வளவு ஊதினீர்களே, அதெல்லாம் எங்கே?"

கடுவன் இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் பார்த்தது. தன் பக்கத்திலும் புகை இல்லை. அதற்கே அது அதிசயமாக இருந்தது.

"எங்கேயாவது போயிருக்கும்" என்றது.

"எங்கேயாவது என்றால் எங்கே?"

அப்போதுதான் மேலேயிருந்து ஏதோ ஒன்று பொத்தென்று விழுந்தது. கரடியின் முதுகு மயிரில் சிக்கிக்கொண்டதால் தரையில் மோதவில்லை. குருவிக் குஞ்சு. வாயைத் திறந்து திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. பின்னாலேயே தாய்க்குருவி தட்டுத்தடுமாறி வந்து இறங்கியது.

எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். கூரையைக் காணோம். கூட்டைக் காணோம். மேலே வெள்ளைப் போர்வை விரித்த மாதிரி புகை நின்றது, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இல்லாமல் சுவருக்குச் சுவர்.

கீரி மெதுவாகக் கேட்டது, "நாம் தரையில்தானே கோடு போட்டோம்?"

குருவி குஞ்சைச் சுற்றிச் சுற்றி வந்தது. தாய்க்குருவியால் அதைத் தூக்க முடியாது. யானைக்கு உயரம் எட்டாது. குகைச் சுவரில் ஏறத் தெரிந்தவர்கள் குரங்குகள்தான்.

கடுவன் எழுந்து கரடியின் முதுகிலிருந்து குஞ்சை எடுத்தது. உள்ளங்கையில் பாதிகூட இல்லை. "இதற்குப் போய் இவ்வளவு கலவரம். நானே கூட்டில் வைத்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு கையில் குஞ்சும் ஒரு கையில் பாறையுமாகச் சரசரவென்று ஏறியது.

பாதிக்கு மேல் போனதும் அதன் தலை புகைக்குள் மறைந்தது. கீழே இருந்தவர்களுக்கு வாலும் முதுகும்தான் தெரிந்தன. முதுகு குலுங்கியது. அப்படி ஒரு இருமல். கடுவன் அதுவரை புகையை ஊதிவிட்டதே தவிர, ஊதிவிட்ட இடத்துக்குப் போய்ப் பார்த்ததில்லை. கண் திறக்க முடியவில்லை. கை வழுக்கியது. குஞ்சு அதன் விரல்களுக்குள் இரண்டு தரம் துடித்துவிட்டு அசையாமல் கிடந்தது.

கடுவன் ஏறினதைவிட வேகமாக இறங்கியது. கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. குஞ்சைக் கூட்டில் வைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தது.

"யானையண்ணே, வழியை விடுங்கள். சீக்கிரம்."

யானை நகர்ந்தது. கடுவன் செம்மண் கோட்டை மிதித்துக்கொண்டே ஓடி வெளியே போனது. மழை கொட்டிக்கொண்டிருந்தது. மரத்தடியில் குந்தி, குஞ்சின்மேல் சொட்டு விழாமல் முதுகை வளைத்துக் குடையாகக் கவிழ்ந்துகொண்டது. காற்று படுகிற மாதிரி மட்டும் விரலை விலக்கிப் பிடித்தது. குருவி அதன் தோளில் வந்து உட்கார்ந்தது. உள்ளே இருந்தவர்கள் வாசலில் வந்து நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கரடி கையைக் கூப்பிக்கொண்டு நின்றதாம்.

ரொம்ப நேரம் கழித்து, கடுவன் கைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கீச் வந்தது.

கடுவன் அப்போதும் எழுந்திருக்கவில்லை. அங்கிருந்தபடியே சொன்னது, "கரடியக்கா, அந்தக் கயிற்றை எடுத்து வெளியே அடுப்புக்குப் பக்கத்தில் கட்டுங்கள். உள்ளே இருக்கிற புகை கலைந்து போனதும் சொல்லுங்கள். நான் இவனைக் கொண்டுபோய் வைக்கிறேன்."

ஒரு குரங்கு முனகியது, "அப்போ மழையில் நாங்கள் எங்கே அண்ணாச்சி குடிக்கிறது?"

"மழையில்" என்றது கடுவன்.

அடுத்த நாள் குரங்குகள் வராது என்று கரடி பயந்துகொண்டேதான் தினையைக் குறைத்துப் போட்டது. குரங்குகள் வந்தன. புகைக்குப் பயந்து வராமல் இருந்த மான்களும் வந்தன. கஞ்சி போதவில்லை. பன்றிதான் வாய்விட்டு வருத்தப்பட்டது.

கடுவன் பீடியை விட்டுவிட்டதா என்று நானும் அக்காவிடம் கேட்டேன். உடனே விடவில்லை என்றார்கள். மரத்தடிக்குப் போய்ப் பற்ற வைக்கும். பாதியில் நனைந்து அணையும். கீரி பின்னாலேயே போய், நனைந்த பீடி என்ன ருசி அண்ணாச்சி என்று கேட்கும். கீரிக்குப் பதில் சொல்கிற தொல்லைக்குப் பயந்தே பீடி குறைந்துவிட்டதாம்.

ஆனால் அந்தக் கடைக்குள் நுழைகிறவர்கள் யாராக இருந்தாலும், உட்காருவதற்கு முன்னால் ஒருதரம் அண்ணாந்து கூரையைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார்களாம்.

நீதி: பல பேர் மூச்சு விடுகிற இடத்தில், ஒருவர் புகைக்கென்று தனிப் பக்கம் கிடையாது.

கதை முடிந்தது; நீங்கள் எழுந்து போகும்போது, இந்த அறை ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்துவிட்டுப் போங்கள்.