கருவாலிக்குக் கிடைத்த மரியாதை

கல்லும் முள்ளுமான ஒரு மலைச்சரிவில் குள்ளக் கருவாலிச் செடி ஒன்று நின்றது. அந்தக் காட்டில் அதன் இனத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். அதன் கொட்டைகளைக் கொண்டுதான் ஓர் அணில் தன் குட்டிகளை வளர்த்து வந்தது.

ஒருநாள் நரி தன் பரிவாரத்தோடு அங்கே வந்தது.

"ஆகா, எவ்வளவு அரிய செடி! இத்தனை காலமாக இதைக் காப்பாற்ற ஒருவர்கூட வரவில்லையே!" என்று கண் கலங்கியது.

"யாரும் வராததால்தானே தலைவரே, இன்னும் உயிரோடு இருக்கிறது!" என்றது அணில்.

அது நரியின் காதில் விழவில்லை. தலைவர்களின் காது அப்படி. உடனே பாதுகாப்புக் குழு அமைந்தது. நரி தலைவர். காட்டுப்பன்றி செயலாளர். இலைதழைகளின் ருசி அறிந்தவர் என்பதால் கடமான் நிபுணர்.

"முதலில் இந்தச் சூரை முள்ளையும் களாப் புதரையும் பிடுங்க வேண்டும்," என்றது பன்றி. "இவ்வளவு உயர்குலத்துச் செடி இந்த முட்களோடா நிற்பது? அசிங்கம்!"

அணில் பதறியது. "ஐயா, அந்த முள்தான் அதற்கு வேலி! அந்தப் புதர்தான் அதன் வேருக்கு நிழல்! செடி போனால் என் குட்டிகள் எதைத் தின்னும்?"

"பார்த்தீர்களா, எல்லாம் வயிற்றுப் பேச்சு!" என்றது கடமான். "கொட்டை திருடுகிறவள் நமக்குப் பாடம் சொல்ல வந்துவிட்டாள்!"

குழு விழுந்து விழுந்து சிரித்தது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அணிலுக்கும் ஒரு மனம் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

பன்றி புதர்களை வேரோடு கிளறி எறிந்தது. சரிவு மொட்டையானது. நடுவில் கருவாலி, கழுத்தில் குழு போட்ட மாலையோடு, வெயிலில் தன்னந்தனியாக நின்றது. நரி அதன் முன்னால் நின்று, கூட்டத்தைப் பார்த்துப் பேசத் தொடங்கியது. பேசியது, பேசியது, பேசிக்கொண்டே இருந்தது.

கடமானுக்குப் பசித்தது. முள் குத்தும் என்ற பயமும் இப்போது இல்லை. நிபுணர் ஓர் இலையை ஆராய்ந்தார். பிறகு எல்லா இலைகளையும் ஆராய்ந்தார். குருத்தை ஆராய்ந்தார். பட்டையையும் மாலையையும்கூட விட்டுவைக்கவில்லை.

நரி திரும்பிப் பார்த்தபோது ஒரு குச்சி நின்றது.

"ஐயோ, பாதுகாப்புக் குழு இருந்தும் இப்படி ஆகிவிட்டதே!" என்று நரி விம்மியது. இரங்கல் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியது.

"அடுத்து எதைக் காப்பாற்றலாம் தலைவரே?" என்று கேட்டது பன்றி.

நரி அணிலை ஏற இறங்கப் பார்த்தது. "பாவம், உணவு போய்விட்டது. இனி இவள் இனமும் அரிதாகிவிடும். கவலைப்படாதே அம்மா, உன்னையும் காப்பாற்றிவிடுகிறோம்!"

அணில் உடனே குட்டிகளை இழுத்துக்கொண்டு, எந்தக் குழுவும் இன்னும் கால் வைக்காத முட்காட்டுக்குள் பாய்ந்து ஓடியது.

ஓர் உயிரின் இடத்தையும் சுற்றத்தையும் அழித்துவிட்டு அதைக் காப்பாற்ற வருகிறவனிடமிருந்துதான் முதலில் அந்த உயிரைக் காப்பாற்ற வேண்டும்.