வடக்கே கிளம்பிய தண்ணி லாரி

திருமங்கலத்தில் கார்மேகம் ஒரு சாப்ட்வேர் கம்பெனி நடத்தினார். கம்பெனி என்றால் ஒரு மாடி அறை, மூன்று கம்ப்யூட்டர், அவற்றின் முன்னால் பூவலிங்கம், சங்கிலி, அந்தோணி என்று மூன்று பேர். மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். கம்பெனிக்குப் பிடித்த சனியனே அதுதான்.

கார்மேகத்தின் மாமனார் ராக்கப்பன் தண்ணி லாரி வைத்துத் தொழில் செய்கிறவர். "பக்கத்துல எங்க தண்ணி இருக்குன்னு போன்ல காட்டணும் மாப்ளே. வெள்ளிக்கிழமைக்குள்ள காட்டலேன்னா, கடையைச் சாத்திட்டு நம்ம லாரியில கிளீனரா ஏறிடுங்க" என்று சொல்லிவிட்டார். கார்மேகம் மாடிக்கு ஓடினார்.

மூவரையும் கூப்பிட்டார். "இன்டர்நெட்ல ஊர் உலகமே சேர்ந்து போட்ட இலவச மேப் ஒண்ணு இருக்கு. நம்ம ஊரைச் சுத்தி ஒரு கட்டம் போடுங்க. அதுக்குள்ள தண்ணித்தொட்டி எங்கெங்க இருக்குன்னு மேப்கிட்ட கேளுங்க. வர்ற எண்களை நம்ம போன் ஆப்புக்கு ஏத்த மாதிரி ஒழுங்கா அடுக்குங்க. கட்டத்தைத் தாண்டி ஓரடி போகக்கூடாது, ஆமா!"

மூவரும் சுண்ணாம்புத்தூள் மூட்டையோடு ஊரைச் சுற்றக் கிளம்பினார்கள். வயல், வாய்க்கால், கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டு, எதையும் விடவில்லை. கோடு மட்டும் நேராக வந்தது, அதைக் குறை சொல்ல முடியாது.

பிறகு கம்ப்யூட்டரிலும் அதே கட்டத்தைப் போட்டுக் கேட்டார்கள். மேப் பாவம், கேட்டதைக் கொடுத்தது. ஒவ்வொரு தொட்டிக்கும் இரண்டு எண். வடக்கே எத்தனை டிகிரி என்று ஒன்பது புள்ளி எட்டு, கிழக்கே எத்தனை டிகிரி என்று எழுபத்தேழு புள்ளி ஒன்பது.

சங்கிலி திடுக்கிட்டான். "என்னடா இது! எழுபத்தேழு பின்னால நிக்குது, ஒன்பது முன்னால உட்கார்ந்திருக்கு!"

"மரியாதை தெரியாத மேப்பு. இதுக்குத்தான் சார் ஒழுங்கா அடுக்கச் சொல்லியிருக்கார்" என்றான் அந்தோணி.

"எந்தச் சபையிலயும் பெரியவர்தான் முன்னால" என்று பூவலிங்கம் தீர்ப்புச் சொன்னான். எல்லாப் பெரியவர்களையும் எழுப்பி முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை ராக்கப்பன் போனைத் தொட்டார். "அருகில் உள்ள தண்ணீர், வடக்கே எட்டாயிரம் கிலோமீட்டர்" என்றது.

கார்மேகம் எட்டிப் பார்த்தார். வடக்கே ஒன்பது என்பது எழுபத்தேழாகி, திருமங்கலத்துத் தொட்டிகள் எல்லாம் உலகத்தின் உச்சியில், பனிக்கடலில் கிடந்தன. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

"அதென்ன மாப்ளே, வெள்ளையா?"

"ஐஸ் மாமா."

"முழுக்கவா?"

"முழுக்க."

ராக்கப்பன் எழுந்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். "அடேங்கப்பா! சித்திரை வெயில்ல ஐஸு! ஒரு பயலுக்கும் தெரியாத இடம்! உங்களைப் போய் உதவாக்கரைன்னு நினைச்சுட்டேனே! எடுங்கடா லாரியை! மாப்ளே, வழி தெரிஞ்ச ஆளு நீங்கதான். கிளீனரா ஏறுங்க!"

கடப்பாறை, நாலு ஸ்வெட்டர், மிச்சச் சுண்ணாம்பு எல்லாம் ஏற்றிக்கொண்டு, ராக்கப்பன் வாசலில் நின்று கையசைக்க, பூவலிங்கம் லாரியைக் கிளப்பினான். ஊர் எல்லையில் சடாரென்று பிரேக் போட்டான். எதிரே வெள்ளைக் கோடு.

"கட்டத்தைத் தாண்டக்கூடாதுன்னு சார் சொல்லியிருக்கார்."

"சார் இங்கதானே இருக்கார், கேட்டுட்டாப் போச்சு" என்றான் அந்தோணி.

"சாரா? இவர் கிளீனர்டா. கிளீனரைக் கேட்டு முடிவு பண்ண முடியுமா?" என்றான் சங்கிலி.

யோசித்து வழி கண்டுபிடித்தார்கள். கோட்டை அழித்துப் பத்தடி தள்ளிப் போடுவது. லாரியைப் பத்தடி விடுவது. மறுபடி அழிப்பது.

கடைசியாக நான் பார்த்தபோது திருப்பரங்குன்றம் தாண்டியிருந்தார்கள். சுண்ணாம்பு மூட்டையைச் சுமந்துகொண்டு கிளீனர் லாரிக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார், ஸ்வெட்டரோடு.