எத்தனை ஆளுக்கு அளக்கட்டும்?

"மூணு ஷாஃப்ட் மாத்தியாச்சு அம்மணி. மூணும் போச்சு. உடையாததா ஒண்ணு குடு."

மாரப்பன் கேட்டது இவ்வளவுதான். சங்ககிரியில், லாரிகள் வரிசையாக வந்து படுக்கிற ரோட்டில், தெய்வானையின் பட்டறை வாசலில் நின்று கேட்டார். அவருக்கு அறுபத்து மூன்று வயது. அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சு வரைக்கும் வண்டிக்கு அடியில் ஒரு குழாய் ஓடும். இன்ஜினின் பலத்தைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அதுதான். அதைத்தான் ஷாஃப்ட் என்பார்கள். ஷாஃப்டைச் சுற்றவிட்டு, சத்தத்தைக் கேட்டே எங்கே கோணல் என்று சொல்லிவிடுவாள் தெய்வானை.

அன்றைக்கு வாசலில் நின்றது லாரி இல்லை. பழைய அமெரிக்கக் கார். ரெண்டே கதவு. ஸ்டியரிங் மட்டும் நம்மூர் வண்டிபோல வலப்பக்கம். எட்டு சிலிண்டர். டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார்.

"ஏனுங்கய்யா, இத்தனை பெரிய மூக்கை வெச்சுக்கிட்டு டிராக்டர் பின்னாலயா வர்றது?" என்றான் வெல்டர் பழனிவேல்.

மாரப்பன் சிரிக்கவில்லை.

தெய்வானை சுவரில் சாத்தியிருந்த ஷாஃப்டுகளைக் காட்டினாள்.

"உடையாதது வேணும்னா அதோ இருக்குதுங்க. பதினாறு டன் லாரிக்குப் போடறது."

"அதையே போடு."

"போடறனுங்க. ஷாஃப்ட் உடையலீன்னா அப்புறம் எது உடையும்?"

அவர் யோசித்தார். கியர் பாக்ஸ் உடையும். அது இந்த ஊரில் கிடைக்காது. எந்த ஊரிலும் கிடைக்காது.

லாரி ஷாஃப்டைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

*

டிக்கியில் கிடந்த பழைய மூன்றையும் அவள் எடுத்துப் பார்த்தாள். மூன்றிலும் முனை நசுங்கிப் பளபளவென்று இருந்தது.

"இடமே விடலீங்களே."

"நான்தான் விட வேண்டாம்னேன். இடம் விட்டா லொடலொடன்னு ஆடும். எனக்கு ஆட்டமே ஆகாது."

"வண்டியில ஆள் ஏறினா பின்பக்கம் அமுங்கும். பள்ளத்துல எறங்கினா இன்னும் அமுங்கும். அமுங்கினா ஷாஃப்ட் முன்னால நகரோணும். நகர எடமில்லீன்னா இடிச்சுக்கிட்டுதான் சாவும்."

"மூணும் வேகத்தடையிலதான் போச்சு" என்றார் மாரப்பன், கொஞ்சம் தணிந்து.

அந்தப் பட்டறையில் ஒரு பழக்கம். வண்டியைத் தூக்கி வைத்து அளக்க மாட்டார்கள். சக்கரம் தரையில் நிற்க வேண்டும். வழக்கமாக அந்த வண்டியில் போகிற ஆட்கள் ஏறி உட்கார வேண்டும். அதற்கப்புறம்தான் டேப்.

"யார் யாருங்க போவீங்க? எல்லாரையும் கூட்டிட்டு வாங்க."

"நான் ஒருத்தன்தான்."

அது உண்மைதான். மாரப்பன் கல்யாணம் கட்டாதவர். ஞாயிற்றுக்கிழமை மதியம் பைபாஸில் ஏறுவார். பவானி வரைக்கும் போவார். ஒரு டீ குடிப்பார். திரும்பி வருவார். எத்தனை டீ என்று அந்தக் கடைக்காரர் கேட்பதை விட்டு வருசக்கணக்காச்சு.

தெய்வானை கார் கதவைத் திறந்து உள்ளே பார்த்தாள்.

"இடது சீட்டு குழி விழுந்திருக்குதுங்களே."

"அது பழசு."

"பின்னால கண்ணாடி ஓரம் பொட்டு ஒட்டியிருக்குது. ஏழெட்டு."

"அதுவும் பழசுதான் அம்மணி. நீ அளக்கற வேலையைப் பாரு."

அவள் அந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். எண்ணிக்கொண்டு நிற்கிறவளிடம் மனுசன் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியும்?

"என் தம்பி. அவன் சம்சாரம். ரெண்டு பொண்ணுக. அஞ்சு பேரும் ஒரே வீடு. இந்த வண்டி துருப்பிடிச்சுக் கிடந்துச்சு, நானும் தம்பியும்தான் எடுத்துக் கட்டினோம். மூத்தவ கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைக்க என்னைக் கேக்காம எடுத்துட்டுப் போனான். கதவுல ஒரு கீறல். ஒரு விரல் நீளம். நான் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னால அவன் கையில இருந்து சாவியப் புடுங்கினேன்."

"அப்புறமுங்க?"

"அப்புறம் என்ன. பூலாம்பட்டிக்குக் குடி போயிட்டாங்க. ஒம்பது வருசம்."

பழனிவேல் வெல்டிங்கை நிறுத்தியிருந்தான். அவள் திரும்பிப் பார்க்கவும் மறுபடி பற்ற வைத்தான்.

"ஒரு ஆளுக்கு அளந்து போட்டா உங்களுக்குப் புடிச்ச மாதிரி இருக்கும்ங்க" என்றாள். "ஆட்டமே இருக்காது. ஆனா, பின்னால யாரையும் ஏத்தப்படாது. ஏத்தினா இடிக்கும்."

"அஞ்சு ஆளுக்குப் போட்டா?"

"யார் ஏறினாலும் தாங்கும். தனியாப் போறப்ப மட்டும் அறுபது ஸ்பீடுல ஒரு முனகல் இருக்கும். அதை எடுக்க முடியாதுங்க."

"முனகல் எனக்கு ஆகாது. ஒரு ஆளுக்கே போடு."

அவள் மறுபேச்சுப் பேசவில்லை. புதுக் குழாய் ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தாள். டப்பாவிலிருந்து எண் அடிக்கிற உளியைத் தேடி எடுத்தாள். அதன் முனையில் ஒன்று என்று இருந்தது.

"எத்தனை ஆளுக்கு அளந்ததுன்னு குழாய்ல வெட்டிருவோமுங்க. நாளைக்கு வண்டி யார் கைக்குப் போனாலும் தெரியோணுமில்ல? வண்டிக்காரர்தான் அடிக்கோணும்."

சுத்தியலை அவரிடம் நீட்டினாள்.

மாரப்பன் உளியைக் குழாயில் நிறுத்தினார். சுத்தியலை ஓங்கினார்.

ஓங்கினது ஓங்கினபடி நின்றது.

ரோட்டில் ரெண்டு லாரி போயிற்று.

சுத்தியலை மெதுவாக மேசையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "நாளைக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்துபோனார்.

*

மறுநாள் குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார். கூடவே நான்கு தவிட்டு மூட்டை.

ஒவ்வொன்றாகத் தூக்கிக் காருக்குள் உட்கார வைத்தார். பின்சீட்டில் மூன்று. இடது சீட்டில் ஒன்று. சாய்ந்துவிடாமல் கயிறு போட்டுக் கட்டினார். வேர்த்துக் கொட்ட, தான் ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

"தவிடு முன்சீட்டு குடுத்தாத்தான் வருமாக்குமுங்க?" என்றான் பழனிவேல்.

"நீ சும்மா இருடா. அளந்துக்க அம்மணி. அஞ்சு ஆள்."

தெய்வானை சிரிக்கவில்லை. எடைக்கு எடைதானே. லாரிக்காரர்கள்கூட அப்படிச் செய்வதுண்டு. டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இது யாருங்க?"

"சின்னவ. அப்போ பத்து வயசு. முப்பது கிலோ."

"இது?"

"மூத்தவ. பக்கத்துல தம்பி சம்சாரம். எல்லாம் ரைஸ் மில்லுல நிறுத்துத்தான் கொண்டாந்தேன்."

"இவரு?"

இடது சீட்டு மூட்டை மேல் கை வைத்தாள்.

"குழந்தைவேலு. என் தம்பி. எழுபத்திரண்டு கிலோ." அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. "அரைக் கிலோ கூடக் கொறைய இருக்காது."

"அது எப்ப நிறுத்ததுங்க?"

"கல்யாணத்துக்கு முந்தின மாசம். மில்லுலதான், வெளையாட்டா ரெண்டு பேரும் ஏறி நின்னோம்."

"இப்ப எவ்வளவு இருப்பாருங்க?"

மாரப்பன் இடப்பக்கம் திரும்பினார்.

மூட்டையைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். சின்னவளுக்கு இப்போது பத்தொன்பது என்பது அப்போதுதான் அவருக்குக் கணக்கில் வந்தது.

தெய்வானை டேப்பை மெதுவாகச் சுருளவிட்டாள். இடது கதவைத் திறந்து கயிற்றை அவிழ்த்தாள். மூட்டையை இறக்கிக் கீழே வைத்தாள். சீட்டில் ஒட்டியிருந்த தவிட்டைக் கையால் தட்டிவிட்டாள்.

"சரியான அளவு வேணும்ங்க" என்றாள். "வண்டி இங்கயே நிக்கட்டும்."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார்.

அப்புறம் இறங்கினார். கார் சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"பூலாம்பட்டி பஸ் எத்தனை மணிக்கு அம்மணி?"