கோதண்டம் சார் பக்கம் திரும்பிய ஊசி

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது. செங்கரட்டு மலையடிவாரத்து ஆசிரமத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அந்தச் சீடரைத் தவிர. தன்னைவிட இவ்வளவு சின்னவரிடம் கைகட்டி நிற்கிறோமே என்று கோதண்டத்துக்கு அவ்வப்போது உறுத்தும். உறுத்தினால் என்ன, ஞானம் குரு பரிமளத்தம்மையாரிடம்தானே இருக்கிறது, வாங்கித்தானே ஆக வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொள்வார்.

மனுஷனுக்கு எதிலும் அவசரம். மின்வாரியத்தில் ஆயுசு முழுக்கக் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்ற சூட்டோடு துறவு என்று கிளம்பி வந்தவர். வந்த மறுநாளே காவி எப்போது என்று கேட்டார். அடுத்த வாரமும் கேட்டார். ரேஷன் கடையில் சர்க்கரை வந்துவிட்டதா என்று கேட்பது போலக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

அந்த ஆசிரமத்தில் ஒரே ஒரு சட்டம் கண்டிப்பு. சேருகிறவர்கள் கைபேசியை ஆபீசில் ஒப்படைத்துவிட வேண்டும். கோதண்டமும் ஒப்படைத்தார், ஒரு பழைய போனை. புதுசு அவருடைய சட்டையின் உள்பையில் இருந்தது. வீட்டிலிருந்து ஒரு அழைப்பு வரும் என்று அவருக்கு நம்பிக்கை. வந்தால் எடுக்கப்போவதில்லை என்றும் முடிவு செய்து வைத்திருந்தார். எடுக்கிறாரோ இல்லையோ, வர வேண்டும். வரவில்லை. குளியலறைக்குப் போகும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே செருகிக்கொள்வார்.

ஒரு நாள் காலை அம்மையார் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"அம்மா, கண்ணை மூடினா மனசு நிக்க மாட்டேங்குது. கண்ட பக்கமும் ஓடுது. என்ன பண்ணினா நிக்கும்?"

அம்மையார் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"நம்ம ஆசிரமத்து ஸ்கூல்ல ஆறாம் வகுப்பு சயின்ஸ் டீச்சர் பிரசவத்துக்குப் போயிருக்காங்க. மூணாம் பருவம் முழுக்க நீங்க பாடம் எடுங்க."

"நான் கேட்டது வேறம்மா."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"அப்போ காவி?"

"பருவம் முடியட்டும் ஐயா."

எழுந்து வந்தவருக்கு உள்ளுக்குள் எரிந்தது. உபதேசம் கேட்டால் ஆறாம் வகுப்புக்கு அனுப்புகிறார்களே, இதுவும் ஒரு சோதனையா, சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று சாக்பீஸை எடுத்துக்கொண்டு போனார்.

முதல் பாடம் காந்தம். பிள்ளைகளைக் கும்பல் கும்பலாக உட்காரவைத்து, கும்பலுக்கு ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தார். காந்தத்தில் தேய்த்த ஊசியை ஒரு தெர்மாகோல் துண்டில் செருகி மிதக்கவிடச் சொன்னார். ஊசிகள் ஆடின, அசைந்தன, பிறகு எல்லாம் ஒரே பக்கமாக நின்றன. வடக்கு தெற்கு. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள்.

கோதண்டம் திருப்தியோடு முதல் கிண்ணத்தருகே போய்க் குனிந்தார். ஊசி மெல்லத் திரும்பி அவர் பக்கம் நின்றது. தெர்மாகோலும் நகர்ந்து அவரிடம் வந்தது.

அடுத்த கிண்ணத்துக்குப் போனார். அங்கேயும் அப்படியே.

"சார், ஊசி உங்களைப் பாக்குது," என்றாள் மகிஷா. முன்வரிசைப் பெண். எதையும் முதலில் பார்ப்பவள், பார்த்ததை ஊர் முழுக்கச் சொல்லாமல் தூங்காதவள்.

"தண்ணி ஆடுதும்மா," என்றார் கோதண்டம்.

தண்ணீர் ஆடவில்லை. அவருக்கே தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் சேதி சமையல்கட்டுக்குப் போய்விட்டது. சமையல்கார பாண்டியம்மா அன்றைக்கு அவர் இலையில் இரண்டு இட்லி கூடுதலாக வைத்தாள். "ஐயாவுக்கு ஏதோ சித்தி கைகூடிருச்சாமே," என்றாள் தணிந்த குரலில்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா," என்றார் கோதண்டம். சொன்ன குரலில் அவ்வளவு உறுதி இல்லை. ஜபம் பண்ணுகிறோமே, உள்ளே ஏதாவது ஊறியிருக்குமோ? மனசு நிற்காதவனுக்கு ஊசி நிற்குமா? அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. இட்லியை மட்டும் ஒன்று விடாமல் சாப்பிட்டார்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். பால்காரர் வந்தார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள் கேட்டுக்கு வெளியே நின்று கும்பிட்டார்கள். ஒருத்தி விபூதி கேட்டாள். முதலில் கையை உதறியவர், பிறகு கொடுத்தார். கொடுக்கக் கொடுக்கக் கை பழகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், யாரும் இல்லாத நேரத்தில், தன் பெருமையைத் தானே ஒரு தடவை கண்ணாரப் பார்த்துவிட ஆசைப்பட்டார். அறைக்கதவைச் சாத்தினார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஊசியை மிதக்கவிட்டார். புழுக்கம் தாங்காமல் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குனிந்தார்.

ஊசி வடக்கே பார்த்து நின்றது.

இன்னும் கிட்டக் குனிந்தார். கண்ணை மூடி மந்திரம் சொன்னார். ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். ஊசி அசையவில்லை. கோதண்டத்துக்கு வியர்த்தது. ஆணியிலிருந்து சட்டையை எடுத்து, கிண்ணத்தின் பக்கத்தில் கொண்டுவந்தார். ஊசி சட்டெனத் திரும்பிச் சட்டையைப் பார்த்தது.

உள்பையில் போன். போனுக்குத் தோல் உறை. மூடினால் டக்கென்று ஒட்டிக்கொள்கிற உறை. ஒட்டுகிற இடத்துக்குள் ஒரு துண்டுக் காந்தம். மின்வாரியத்துக்காரருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நியாயமாக அன்றைக்கே அவர் போனை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. போனால் சட்டத்தை மீறியது தெரிந்துவிடும், காவி கிடைக்காது. போனை அறையிலேயே விட்டுவிட்டு வகுப்புக்குப் போனால் ஊசி திரும்பாது, பிள்ளைகள் முகத்தில் எப்படி முழிப்பது? அதோடு, அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டால்? இப்படியும் அப்படியும் அறைக்குள் நடந்தார். நடந்து நடந்து கால் வலித்ததுதான் மிச்சம். திங்கட்கிழமை காலை சட்டையைப் போட்டுக்கொண்டு, போனை உள்ளே வைத்துக்கொண்டு, வழக்கம்போலக் கிளம்பினார்.

அதன்பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. காந்தம் முடிந்து தண்ணீர் வந்தது, தண்ணீர் முடிந்து சோப்பு வந்தது, செடிகொடிகள் வந்தன. பிள்ளைகள் எந்தப் பாடத்தையும் ஊசியிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்கள். "சார், நீங்க தொட்டா சோப்பு நிறைய நுரைக்குமா சார்?" என்று ஒருவன் கேட்டான். கோதண்டம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணை மூடினால் முன்பு மனசு நாலு பக்கம் ஓடும். இப்போது ஓடக்கூட இல்லை, ஒரே இடத்தில் நின்று குத்தியது.

பருவத்தின் கடைசி நாள் வந்தது. அன்றைக்கு அம்மையார் ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்காருவார். கேள்வி எப்போதும் ஒன்றுதான். ஆறாம் வகுப்பில் அவருக்குக் காட்டவென்று பிள்ளைகள் கிண்ணங்களில் ஊசியை மிதக்கவிட்டிருந்தார்கள். அவர் வந்து மகிஷாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அதையே கேட்டார்.

"இந்தப் பருவத்துல என்ன கத்துக்கிட்டீங்க?"

"காந்தத்துக்கு ரெண்டு முனைம்மா."

"கடல் தண்ணி ஆவியாகி மேகமாகும்."

"சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலையும் வாலும் இருக்கு. வாலு அழுக்கைப் பிடிச்சுக்கும்."

மகிஷா எழுந்தாள். "ஊசி வடக்கு தெற்கா நிக்கும்மா. கோதண்டம் சார் வந்தா மட்டும் சாரைப் பாத்து நிக்கும்."

"அப்படியா? எதனால?"

"சாருக்குச் சக்தி இருக்கு. சார் குடுத்த விபூதியைப் பூசிக்கிட்டு எங்கப்பா சக்கரை மாத்திரையையே நிறுத்திட்டாரும்மா. இனிமே வேண்டாமாம்."

வகுப்பு பெருமையாகத் தலையாட்டியது.

அம்மையார் அவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"நீங்கதானே வாத்தியார், ஐயா. மகிஷா சொன்ன பதில் சரியா, தப்பா?"

சரி என்றால் காவி. தப்பு என்றால் அதோடு எல்லாம் போயிற்று. அந்தப் பெண் பதிலுக்காக அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பாவை அவர் பார்த்திருக்கிறார். சைக்கிளில் கொண்டுவந்து விடுவார், ஒல்லியான மனிதர், மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு வருவார்.

"தப்பு," என்றார்.

உள்பையிலிருந்து போனை எடுத்தார். முன்வரிசைக் கிண்ணத்தின் ஓரத்தில் வைத்தார். ஊசி திரும்பியது. போனைக் கிண்ணத்தின் அந்தப் பக்கம் வைத்தார். ஊசியும் அந்தப் பக்கம் திரும்பியது. பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"இந்த உறைக்குள்ள காந்தம் இருக்கு. எனக்கு ஒரு சக்தியும் கிடையாது. இது எனக்குத் தெரிஞ்சு ரொம்ப நாளாச்சு. உங்ககிட்ட மறைச்சுட்டேன்."

"அப்போ எங்கப்பா?" என்றாள் மகிஷா.

"மாத்திரை போடணும்மா. இன்னைக்கே. நானே வந்து சொல்றேன்."

சொன்னபடி போனார். அவள் வீட்டு வாசலில் நின்று, அவள் அப்பாவிடம் ஒன்று விடாமல் சொன்னார். அந்த மனிதர் திட்டவில்லை. "சரிங்க சார்," என்று உள்ளே போய் மாத்திரையைத் தேடினார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பி வந்தபோது அம்மையார் பள்ளி வராந்தாவில் கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். கோதண்டம் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக் கழுவினார்.

"போன் இருக்கறது உங்களுக்கு எப்பம்மா தெரியும்?"

"நீங்க வந்த அன்னைக்கே. சட்டை ஒரு பக்கமாத் தொங்குச்சு."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லல."

கோதண்டம் போனை எடுத்து அம்மையார் முன்னால் வைத்தார்.

"இதை ஆபீஸ்ல குடுத்துடறேன். இன்னும் எத்தனை பருவம் வேணும்னாலும் பாடம் எடுக்கறேன். காவியைப் பத்திக் கேக்க எனக்கு வாயில்ல. ஆனா கேக்காம இருக்கவும் முடியலம்மா."

"யார் கூப்பிடணும்னு வச்சிருந்தீங்க?"

"வீட்டுக்காரிதான்."

"கூப்பிட்டாங்களா?"

"ஒரு தடவைகூட இல்ல." கையிலிருந்த கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தார். "கூப்பிட மாட்டா. போறேன்னு நான் சொன்னப்பவே, போங்கன்னு சொன்னவதானே. கீரை ஆஞ்சுக்கிட்டு இருந்தா. தலையைக்கூட நிமிரல."

அம்மையார் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"என்ன கீரை?"

கோதண்டம் யோசித்தார். "தெரியலம்மா."

"ஏன் நிமிரல?"

"கோவமா இருக்கும்."

"கண்ணு கலங்கியிருந்துச்சா?"

"நான்..." கோதண்டம் நிறுத்தினார். வாசல், செருப்பு, தோளில் பை, வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தது எல்லாம் ஞாபகம் வந்தது. அவள் முகம் மட்டும் வரவில்லை. "நான் பாக்கலம்மா."

அம்மையார் போனை எடுத்து அவர் கையிலேயே திருப்பி வைத்தார்.

"போய்ப் பாத்துட்டு வாங்க, ஐயா. காவி எங்கயும் போயிடாது."