வால் முள்ளை நறுக்கியவள்

அந்தக் காலத்தில் விலங்குகள் பேசும். மனிதர்களும் நின்று பதில் சொல்வார்கள். அப்போது முள்ளம்பன்றி நடந்தால் சத்தமே வராது. அதன் வால் முட்களும் முதுகு முட்களைப் போலக் கூராகவே இருந்தன.

மலைச்சரிவில் வெள்ளச்சியும் அவள் புருஷன் சடையனும் வள்ளிக்கிழங்கு போட்டிருந்தார்கள். மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு அதுதான் சாப்பாடு. மேலே கொடி பச்சைப்பசேலென்று நின்றது. தோண்டினால் அடியில் பாதி கடித்த கிழங்குதான் கிடைத்தது. சடையனுக்கு வயிறு எரிந்தது. வெள்ளச்சிக்கோ, ஒன்றை முழுதாகத் தின்னாமல் எல்லாவற்றையும் கடித்துவைக்கும் பிராணி எது என்ற யோசனை விடவில்லை.

சடையன் வேலி இடுக்கில் குழி வெட்டித் தழை பரப்பினான். மறுநாள் காலையில் அதற்குள் ஒரு முள்ளம்பன்றி கிடந்தது. அவன் பாறாங்கல்லைத் தூக்கினான்.

“கொஞ்சம் இரு,” என்ற வெள்ளச்சி குழியோரம் குந்தினாள். “ஏன் இப்படிப் பாதி பாதியாகக் கடிக்கிறாய்?”

“என் பல் வளர்ந்துகொண்டே இருக்கும் தாயே. எதையாவது கொறிக்காவிட்டால் வாயை மூட முடியாது,” என்றது முள்ளம்பன்றி.

“அதற்காக எங்கள் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டுமா?” என்றான் சடையன்.

“அதட்டினால் ஓடியிருப்பேன். யாரும் அதட்டவில்லையே.”

“நீ வருவது கேட்டால்தானே அதட்டுவதற்கு?”

வெள்ளச்சி யோசித்தாள். கல்லைப் போட்டால் நாளை இன்னொன்று வரும். அதுவும் சத்தமில்லாமல்தான் வரும். அரிவாளை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். “குத்திவிடும்,” என்று சடையன் தடுத்தான். அவள் கேட்கவில்லை. “வாலைக் காட்டு,” என்றாள். முள்ளம்பன்றி முட்களைப் படியவைத்துத் திரும்பி நின்றது.

வால் முட்களின் நுனியை அவள் ஒவ்வொன்றாக நறுக்கினாள். உள்ளே மூங்கில் குழாய் போல வெறுமையாக இருந்தது. பயத்தில் வால் நடுங்க, முட்கள் ஒன்றோடொன்று உரசிச் சலசலத்தன. சடையன் கல்லை ஓரமாகப் போட்டுவிட்டு அதைக் குழியிலிருந்து ஏற்றிவிட்டான்.

குழியில் சாவதைவிட அதட்டு வாங்குவது மேல் என்று அது தன் சொந்தபந்தங்களையும் கூட்டிவந்தது. அவற்றுக்கும் நறுக்கிவிட்டாள்.

அடுத்த நாள் அந்தி மங்கும் நேரம், காட்டோரம் சலசலப்பு கேட்டது. விலங்குகளை விரட்ட அடித்துச் சத்தம் எழுப்பும் மூங்கில் தட்டையைச் சடையன் எடுத்தான். வெள்ளச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒரு வாய் கொறிக்கட்டும். பிறகு தட்டையை அடி.”

அன்று முதல்தான் முள்ளம்பன்றியின் வால் முட்கள் நுனியில்லாமல் சலசலக்கின்றன. அந்த மலைக்காரர்களும் அந்தச் சத்தம் கேட்டதும் ஒரு கணம் காதுகொடுத்து நின்றுவிட்டே தட்டையை அடிக்கிறார்கள்.