துண்டு போர்த்திய மீட்டர்

“டீச்சர், அன்னிக்கு ஸ்பீடோமீட்டர் செத்துக் கிடந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். நீங்க சொன்னா தம்பி நம்புவான்.”

கேட்டவர் காரைக்குடி வயிரவன். ஐம்பதைத் தாண்டிய மனிதர். அப்பா விட்டுப்போன பழைய கறுப்புக் காரைப் பிள்ளை மாதிரி வைத்திருந்தவர்.

ஜெயசீலி டீச்சர் அவரைவிட வயதில் சின்னவர்தான். ஆனால் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். அப்பா இருந்தவரை பிள்ளைகளை ஸ்டீயரிங்கைத் தொடவே விட்டதில்லை.

போன மாசியில் தேவகோட்டை ரோட்டு வளைவில் அந்தக் கார் புளியமரத்தில் மோதியது. ஓட்டிய வயிரவனுக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த தம்பி நாச்சியப்பனுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்த தம்பி ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

“அண்ணே, நாம எவ்வளவு வேகத்துல வந்தோம்?”

மீட்டர் ஓடலையேப்பா, எனக்கு எப்படித் தெரியும் என்றார் வயிரவன். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அதோடு பேச்சு நின்றது. தேவகோட்டையில் அவன் வீட்டு வாசல்வரை போய்ப் பார்த்தாகிவிட்டது, கதவு திறக்கவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. கூடப் பிறந்தவன் இல்லாமல் என்ன தீபாவளி, சொல்லுங்கள்.

காரைப் பார்த்துட்டுச் சொல்றேன் என்றார் டீச்சர். கார் நின்ற கொட்டகைக்கு வந்தார்.

பட்டறையில் முகப்பை நிமிர்த்தி லாரியில் கொண்டுவந்து இறக்கியதோடு சரி, கார் அப்புறம் அசையவே இல்லை. டீச்சர் மீட்டருக்குப் பின்னால் கையை விட்டு, கியரிலிருந்து மீட்டருக்கு வரும் கேபிளைக் கழற்றினார். மீட்டரின் பின்துளையில் ஒரு சின்னக் கம்பியை நுழைத்துத் திருகினார். முள் துள்ளி எழுந்தது.

மீட்டர் நன்றாகத்தான் இருந்தது. அப்படியானால் கோளாறு கேபிளில்.

கேபிளுக்குள்ளே சுழலும் கம்பியை உருவினார். அது இரண்டு துண்டாக வந்தது.

வயிரவன் கிட்டே வந்து எட்டிப் பார்த்தார். மோதியதில் அறுந்தது என்று சொல்லிவிட்டால் தொலைந்தது கதை.

டீச்சர் அறுந்த முனைகளை விரலால் தடவினார். மோதலில் அறுந்திருந்தால் பிரி பிரியாக நிற்கும். இவை ஒன்றோடொன்று உரசி உரசி மழுங்கியிருந்தன.

“மரத்துல மோதுறதுக்கு ரொம்ப நாள் முந்தியே அறுந்திருக்கு அண்ணே.”

வயிரவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இப்பவே போய்த் தம்பியிடம் சொல்லணும் என்று பறந்தார். போகலாம் என்றார் டீச்சர். புதுக் கம்பி வாங்கிவரச் சொல்லி மாட்டினார். பிறகு வயிரவனின் தோளில் கிடந்த துண்டை எடுத்து மீட்டரின் மேல் போர்த்தினார்.

“ஓட்டுங்க.”

ஒரு வருசமாக ஸ்டீயரிங்கைத் தொடாத கை. வேர்த்து வழுக்கியது. ஊரைத் தாண்டியதும் டீச்சர் கேட்டார்.

“இப்ப எவ்வளவு வேகம்?”

“முப்பது.”

டீச்சர் துண்டின் நுனியைத் தன் பக்கம் தூக்கிப் பார்த்தார். திரும்ப மூடினார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கேட்டார்.

“இப்ப?”

“நாப்பத்தஞ்சு.”

பார்த்தார். சரியாக இருக்கிறது என்றார்.

வயிரவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. எனக்கெல்லாம் மீட்டர் எதுக்கு டீச்சர் என்று ஆரம்பித்தார். நாற்பதில் ஸ்டீயரிங் லேசாக உதறும், ஐம்பதில் கியர் முனகும், அறுபதைத் தாண்டினால் தம்பி பக்கத்துக் கதவுக் கண்ணாடி கடகடவென்று ஆட ஆரம்பித்துவிடும் என்று சொல்லிக்கொண்டே போனார். பெருமை தாங்கவில்லை மனிதருக்கு.

வளைவு வந்தது. புளியமரத்தில் பட்டை உரிந்த இடம் இன்னும் ஆறவில்லை. கார் தானாகவே மெதுவாகிவிட்டது.

டீச்சர் தன் பக்கத்துக் கண்ணாடியின் மேல் கையை வைத்தார்.

“அன்னிக்கு இது ஆடுச்சா அண்ணே?”

வயிரவன் காரை ஓரங்கட்டினார். எஞ்சினை அணைத்தார். மீட்டர் மேலிருந்த துண்டை எடுக்கப் போன கை பாதியில் நின்றது.

“ஆடுச்சு,” என்றார். “மெதுவாப் போண்ணேன்னு சொல்லிக்கிட்டே, அவன்தான் கையால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு வந்தான்.”

டீச்சர் கதவைத் திறந்து இறங்கினார். எதிரே காரைக்குடி பஸ் வந்துகொண்டிருந்தது. கை காட்டினார்.

“டீச்சர், தம்பி வீட்டுக்கு நீங்க வந்து சொல்ல வேணாமா?”

“தம்பி மீட்டரைப் பத்திக் கேட்டா போன் பண்ணுங்க. வந்து சொல்றேன்.”